பூங்காவுக்குப் படியளப்பவர்கள்

ஜெஃபர்சன் பூங்காவில் புல்லுக்கு அடியில் குடிநீர் இருக்கிறது. சியாட்டில் நகரின் தென்பகுதியில் பீக்கன் ஹில் என்று ஒரு மேடு. அதன் உச்சியில் விரிந்து கிடக்கிறது பூங்கா. காலையில் போனால் சீனத்துப் பாட்டிமார் கையை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு வட்டமடிக்கிறார்கள். ஒரு பக்கம் பிள்ளைகள் சறுக்குமரத்தில் ஏறி இறங்குகிறார்கள். இன்னொரு பக்கம் யாரோ பட்டம் விடுகிறார்கள். வடக்கே நகரத்தின் உயரக் கட்டடங்கள், மேற்கே கடலுக்கு அப்பால் ஒலிம்பிக் மலைத்தொடர். இத்தனையும் நடப்பது ஒரு நீர்த்தேக்கத்தின் கூரைமேல். முன்பு இங்கே நீர்த்தேக்கங்கள் வானம் பார்த்தபடி கிடந்தன, சுற்றிலும் கம்பிவேலி. குடிநீரைத் திறந்து வைக்கக் கூடாது என்று மாநிலச் சுகாதாரத் துறை கண்டிப்புக் காட்டியதும், ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை நிலத்துக்குள் புதைத்து மூடினார்கள். தண்ணீருக்கு மூடி கிடைத்தது. மூடியின் மேல் ஊருக்குப் பூங்கா கிடைத்தது.

மூடிக்குச் செலவழித்தது குடிநீர்க் கணக்கு. மேலே புல் பாவியதும் பாதை போட்டதும் பூங்காக்களுக்கென்று மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட சிறப்பு வரிக் கணக்கு. இன்றைக்கு அந்தப் புல்லை வெட்டுகிறவருக்குச் சம்பளம் தருவது மூன்றாவது கணக்கு. உள்ளாட்சித் தணிக்கையில் காலந்தள்ளி ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் மரத்தைப் பார்க்குமுன் அது எந்தத் தலைப்பில் நடப்பட்டது என்று யோசிக்கிற புத்தி என்னைவிட்டுப் போகவில்லை. இந்தப் பயணத்தில் அந்தப் புத்திக்கு நல்ல தீனி.

என் அக்கா மகள் பூங்காவிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். சொந்த வீடு. சொத்து வரியை ஏப்ரல் 30க்குள் பாதி, அக்டோபர் 31க்குள் மீதி என்று கவுன்டி எனப்படும் மாவட்ட அலுவலகத்துக்குக் கட்ட வேண்டும்.

“இந்தப் பார்க்குக்கு நானும் காசு குடுக்கறேன் மாமா. ஆயிரம் டாலர் மதிப்புக்கு நாப்பது செண்ட் கிட்ட வருது.”

9 லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு, ஆயிரத்துக்கு 38 செண்ட் என்று மனக்கணக்குப் போட்டேன். ஆண்டுக்கு 342 டாலர், பூங்காவுக்கு மட்டும். இந்த ஊரில் 9 லட்சம் என்பது மாளிகை இல்லை, மூன்று படுக்கையறை மரவீடு.

“வரி உண்டு, ஓட்டுத்தான் கிடையாது” என்றாள். பச்சை அட்டைக்காரி. குடியுரிமை இன்னும் வாங்கவில்லை. அவள் வாசலுக்கு வாக்குச்சீட்டு வராது. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு வரும். வாஷிங்டன் மாநிலத்தில் வாக்குச்சாவடி வரிசை இல்லை. சீட்டு தபாலில் வருகிறது. பூர்த்தி செய்து, ஸ்டாம்பு ஒட்டாமலே திருப்பி அனுப்பலாம். சீட்டுக்கு முன்னால் ஒரு கையேடும் வருகிறது: இன்ன பூங்காவுக்கு இன்ன வரி போடலாமா என்ற கேள்வி, கீழே ‘போடலாம்’ என்பவர்களின் வாதம், அதை மறுத்து ‘வேண்டாம்’ என்பவர்களின் வாதம். பக்கத்து வீட்டு அம்மாளிடம் பழைய கையேடு ஒன்றை வாங்கி முழுக்கப் படித்தேன். உள்ளாட்சி நிதி பற்றிப் பொதுஜனத்துக்காக அச்சடித்த நல்ல தமிழ் வெளியீடு ஒன்று என் கைக்கு இன்றுவரை வந்ததில்லை என்ற பொறாமையோடுதான் படித்தேன்.

இந்த ஊரின் பூங்காக் கதையை முதலிலிருந்து தெரிந்துகொள்ள வாலன்டியர் பார்க்கின் தண்ணீர்த் தொட்டிக்கோபுரம் ஏற வேண்டும். 1906இல் செங்கல்லால் கட்டிய கோபுரம். நூற்றுச் சொச்சம் படி. மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தால், வட்டமான மாடத்தில் நகரத்துப் பூங்காக்களின் வரலாற்றைப் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதல் பூங்கா 1884இல் வந்தது. டேவிட் டென்னி என்ற முன்னோடிக் குடியேறி தானமாகத் தந்த நிலம். அதுவரை இடுகாடாக இருந்ததைப் பூங்காவாக்கினார்கள். திட்டம் என்று ஒன்று வந்தது 1903இல். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்த ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டின் வளர்ப்பு மகன் ஜான் சார்லஸ் ஓம்ஸ்டெட் ரயிலேறி வந்து, ஊரைச் சுற்றிப் பார்த்து, ஓர் அறிக்கை கொடுத்தார். ஏரிக்கரை, கடற்கரை, மேடு, பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் மரநிழல் சாலைகளால் கோத்துவிடுவது. எந்த வீட்டிலிருந்தும் அரை மைலுக்குள் ஒரு பூங்காவோ விளையாட்டுத் திடலோ இருப்பது. அந்த அரை மைல் என்ற அளவுகோல்தான் எனக்குப் பிடித்தது. ‘உலகத்தரம்’ என்று எழுதியிருந்தால் யாரும் கணக்குக் கேட்க முடியாது. அரை மைலை எந்தக் குடிமகனும் நடந்து பார்த்துச் சண்டைக்கு வரலாம்.

அறிக்கைக்குப் பின் பணம். 1905 முதல் 1912 வரை வாக்காளர்கள் கடன்பத்திரங்களுக்கு அடுத்தடுத்துச் சம்மதம் தந்தார்கள். மொத்தம் 40 லட்சம் டாலர் அளவுக்கு. வளர்கிற ஊர், நிலம் மலிவு, கடன் வாங்கினால் பத்தாண்டில் ஊரே அடைத்துவிடும் என்ற தைரியம். இன்று ஏரிக்கரையோரம் கார் ஓட்டிப் போகிறவர்கள் ரசிக்கிற மரவரிசையெல்லாம் அந்தத் தைரியத்தில் நட்டவை. இது போக, நகரத்தின் சாசனத்திலேயே ஒரு விதி இருக்கிறது: அபராதம், உரிமக் கட்டணம் ஆகியவற்றில் நகரத்துக்கு வரும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு பூங்கா நிதிக்கு. தப்பான இடத்தில் வண்டி நிறுத்தி மாட்டிக்கொண்டவர் கட்டும் தண்டம், எங்கோ ஒரு ரோஜாப் பாத்திக்கு உரம். நியாயமான ஏற்பாடாகவே எனக்குப் பட்டது.

பீக்கன் ஹில் ரயில் நிலையம் மேட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. லிஃப்ட் ஒன்றுதான் வழி. அதில் இறங்கி ரயில் பிடித்து நகர மையத்துக்குப் போனேன். இந்த ரயில் 2009இல்தான் ஓடத் தொடங்கியது. ஓடியிருக்க வேண்டியது அதற்கு வெகுமுன்பே. அந்தக் கதை பூங்காக் கதையோடு ஒட்டிப் பிறந்தது.

1968 பிப்ரவரியில் இந்தக் கவுன்டி மக்கள் முன் ஒரே நாளில் ஒரு கட்டுத் திட்டங்களை வைத்தார்கள். ‘ஃபார்வர்ட் த்ரஸ்ட்’ என்று பெயர். முன்னால் நின்றவர் ஜிம் எல்லிஸ் என்ற வழக்கறிஞர். எந்தப் பதவிக்கும் தேர்தலில் நின்று வராதவர். ஆறாக ஓடிய சாக்கடையை வாஷிங்டன் ஏரியிலிருந்து திருப்பிவிட்ட முந்தைய இயக்கத்துக்கும் அவர்தான் மூலகாரணம். பூங்கா, ரயில், விளையாட்டரங்கம், தீயணைப்பு, சாலை என்று தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றும் கடன்பத்திரம் என்பதால் பாதிக்கு மேல் வாக்குப் போதாது, 60 விழுக்காடு வேண்டும். பூங்கா வென்றது: 11.8 கோடி டாலர், கவுன்டி முழுவதற்கும். விளையாட்டரங்கம் வென்றது. ரயில் பாதியைத் தாண்டியும் 60ஐத் தொடவில்லை. 1970இல் மறுபடி கேட்டபோது பாதிக்கும் கீழே போய்விட்டது. இங்கே வரவேண்டிய மத்திய அரசு மானியம் அட்லாண்டாவுக்குப் போய் அங்கே மெட்ரோவாகியது.

மக்களுக்குப் பூங்கா பிடித்தது, ரயில் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். எனக்கென்னவோ, பூங்கா கேட்டவர்கள் இடத்தையும் காட்டினார்கள், படத்தையும் காட்டினார்கள். ரயிலுக்கு அப்படிக் காட்ட முடியவில்லை என்றுதான் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரிகிற ஒன்றுக்கு வரி கட்ட மனிதன் அவ்வளவு மறுப்பதில்லை.

அந்தப் பணத்தில் எழுந்தவற்றில் விசித்திரமானது ஃப்ரீவே பார்க். ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் ஐ-5 நெடுஞ்சாலையின் மீதே கான்கிரீட் தளம் போட்டு, மரம் நட்டு, செயற்கை அருவி விட்டு, 1976 ஜூலை 4 அன்று திறந்தார்கள். லாரன்ஸ் ஹால்பிரின் அலுவலகத்தில் இருந்த ஏஞ்சலா டனாட்ஜீவா வரைந்த வடிவம். கீழே லாரிகள் ஓடுகின்றன. மேலே அருவிச் சத்தம் அதை அமுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் போன நாளில் அருவிகளில் சில ஓடின, சில காய்ந்து கிடந்தன. கான்கிரீட் சுவர்களுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் பாதையில் அடுத்த திருப்பத்தில் யார் நிற்பார்கள் என்று தெரியாது. பகலிலேயே நடை வேகமாகிறது. அலுவலகப் பெண்கள் சிலர் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த படிக்கட்டு மட்டும் உயிரோடு இருந்தது.

இங்கே வந்து நின்றபோதுதான் இந்தப் பயணம் எதைப் பற்றியது என்று எனக்கே தெளிவாயிற்று. கல்யாணத்துக்குக் கடன் கொடுக்க ஆள் இருக்கிறது. குடித்தனத்துக்குக் கொடுக்க ஆள் இல்லை. பூங்காத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட மேயர் வருவார். அருவியின் மோட்டார் பழுதானால் யாரும் மேடை போடுவதில்லை. 1968இல் வாங்கிய கடன் கட்டுமானக் கடன். சட்டப்படியே அதிலிருந்து ஒரு துப்புரவாளருக்குச் சம்பளம் தர முடியாது. பணத்துக்கும் சாதி உண்டு என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லுவோம். மூலதனத் தலைப்பில் வந்த பணம் வருவாய்ச் செலவின் தட்டில் சாப்பிடாது.

அதனால்தான் ஃப்ரீவே பார்க்குக்குப் பிற்பாடு கிடைத்த பெரிய உதவி, பக்கத்தில் மாநாட்டு மையத்தை விரிவாக்கியவர்களிடமிருந்து வந்தது. தெருக்களையும் சந்துகளையும் விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக ஊர் பேரம் பேசி வாங்கிய நன்மைகளில் 1 கோடி டாலர் இந்தப் பூங்காவைச் சீரமைக்க. 2019இல் இதைத் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் சேர்த்துவிட்டார்கள். இனி இடிக்க யாருக்கும் மனம் வராது, ஓட்டியாக வேண்டும்.

அங்கிருந்து வடக்கே இறங்கி நடந்தால் சவுத் லேக் யூனியன். கண்ணாடிக் கட்டடங்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள், அமேசான் அலுவலகங்கள். பாதிப் பேர் பேசும் தெலுங்கும் தமிழும் இந்தியும் காதில் விழுந்துகொண்டே இருந்தன. மருமகன், அக்கா மகளின் கணவர், இங்கேதான் வேலை பார்க்கிறார். “இந்த இடம் முழுக்கப் பூங்காவா இருந்திருக்கணும் மாமா, தெரியுமா?” என்று அவர்தான் ஆரம்பித்துவைத்தார்.

1990களின் தொடக்கத்தில் இங்கே கிடங்குகளும் பட்டறைகளும்தான். நகர மையத்திலிருந்து ஏரிவரை நீளமாக ஒரு புல்வெளி, இருபுறமும் குடியிருப்புகள் என்று ‘சியாட்டில் காமன்ஸ்’ திட்டம் போட்டார்கள். மைக்ரோசாஃப்டை நிறுவியவர்களில் ஒருவரான பால் ஆலன் நிலம் வாங்க 2 கோடி டாலர் கடன் கொடுத்தார். வாக்காளர்கள் வரிக்கு ஒப்புக்கொண்டால் நிலம் ஊருக்கு. ஒப்புக்கொள்ளாவிட்டால் நிலம் அவருக்கு. 1995இல் 11.1 கோடி கேட்டார்கள், தோற்றது. சுருக்கி 1996இல் 5 கோடி கேட்டார்கள், அதுவும் தோற்றது. பணக்காரர்களின் வீட்டுவாசலுக்கு ஊர்ப்பணத்தில் புல்வெளியா என்ற கேள்விக்கு ஆதரவாளர்களால் நெஞ்சைத் தொடும்படி பதில் சொல்ல முடியவில்லை. பட்டறைக்காரர்கள் தங்கள் பிழைப்புப் போகும் என்று எதிர்த்தார்கள். நிலம் ஆலனுக்குப் போயிற்று. அதன்மேல்தான் இந்தக் கண்ணாடிக் காடு.

வேண்டாம் என்று வாக்களித்தவர்கள் செய்தது சரியா தப்பா? மருமகன் தப்பு என்கிறார். புல்வெளி இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக இடம் இருக்கும் என்பது அவர் கட்சி. எனக்கு அந்தக் கையேட்டின் ‘வேண்டாம்’ பக்கத்து ஆட்கள் மேல் மரியாதை வந்துவிட்டது. அவர்கள் கேட்டது பூங்கா யாருக்கு என்ற கேள்வி. அது கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஏரிக்கரையோரம் 2010இல் ஒரு சிறிய பூங்கா வந்துவிட்டது. பன்னிரண்டு ஏக்கர், பழைய கப்பல்கள் கட்டிவைத்த துறை. மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்தோம். மருமகன் கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சாதத்தை வாத்துகள் கேட்டன.

ஏரியின் எதிர்க்கரையில் தெரிந்தது கேஸ் வொர்க்ஸ் பார்க். நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த பழைய ஆலை, 1956இல் மூடியது. எல்லாரும் இடித்துத் தள்ளச் சொன்னபோது ரிச்சர்ட் ஹாக் என்ற நிலவடிவமைப்பாளர் துருப்பிடித்த கோபுரங்களை அப்படியே விட்டுவைத்து 1975இல் பூங்காவாக்கினார். இதற்கும் ஃபார்வர்ட் த்ரஸ்ட் பணம் உதவியது. 1971இல் போயிங் ஆட்குறைப்பில் ஊரே காலியாகி, கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகும்படி நெடுஞ்சாலையில் விளம்பரப் பலகை வைத்த காலம் அது. அந்தப் பஞ்சத்திலும் பூங்காக்கள் எழுந்தது, பணம் முன்கூட்டியே கையில் இருந்ததால். மண்ணில் ஊறிப்போன நச்சுக்கான செலவு மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

இனி அந்த மூன்றாவது கணக்கு. இதைப் புரிந்துகொள்ள இரண்டு மாலைகள் பக்கத்து வீட்டு அம்மாளின் வராந்தாவில் உட்கார வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற நூலகர், ஐந்து டாலர் வரிக்கும் ஐம்பது பக்கம் படிக்கிறவர்.

வாஷிங்டன் மாநிலத்தில் சாதாரணச் சம்பளக்காரருக்கு மாநில வருமான வரி கிடையாது. உள்ளூராட்சி பெரும்பாலும் நிற்பது சொத்து வரி, விற்பனை வரி போன்றவற்றில்தான். 2001இல் ஒரு மக்கள் முன்மொழிவு வென்று, சொத்து வரி வசூலை ஓர் ஊர் ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் கூட்டக் கூடாது என்று கட்டிப்போட்டது. புதுக் கட்டடங்களின் வரி மட்டும் விலக்கு. 2007இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உடனே சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு அதே ஒரு விழுக்காட்டை மறுபடி சட்டமாக்கிவிட்டது. தேர்தலுக்கு நிற்பவர்களின் பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். தோட்டக்காரரின் சம்பளம், டீசல், உரம் எல்லாம் ஆண்டுக்கு மூன்று நாலு விழுக்காடு ஏறும். வரவு ஒன்று ஏறும். இடைவெளியை அடைக்க மக்களிடமே போய்த் தனியாகக் கேட்க வேண்டும். கடன்பத்திரம்போல் 60 தேவையில்லை, பாதிக்கு மேல் போதும். ஆனால் சியாட்டில் கேட்டது குறித்த சில ஆண்டுகளுக்குத்தான்.

அப்படித்தான் 2000இல் எட்டு ஆண்டுகளுக்கு 19.82 கோடி டாலர் கேட்டார்கள், கிடைத்தது. 2008 நவம்பரில், வங்கிகள் சரிந்துகொண்டிருந்த வேளையில், ஆறு ஆண்டுகளுக்கு 14.55 கோடி கேட்டார்கள், அதுவும் கிடைத்தது. நிலம் வாங்கினார்கள், திடல் அமைத்தார்கள். அதே ஆண்டுகளில் பொருளாதார மந்தத்தால் பொது நிதி வற்றிப்போய், சமுதாயக் கூடங்கள் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். ஒரு கையில் புதுப் பூங்காவுக்கான அடிக்கல், மறு கையில் பழைய கூடத்தின் பூட்டு. செய்யாமல் விட்ட பராமரிப்பு வேலைகளின் மதிப்பு 27 கோடி டாலர் அளவுக்குச் சேர்ந்துவிட்டது: ஒழுகும் கூரை, காலாவதியான கொதிகலன், வெடித்த நடைபாதை.

2014 ஆகஸ்டில் ஆட்டத்தையே மாற்றும் கேள்வி ஒன்றை வாக்குச்சீட்டில் வைத்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கையேந்துவதை விட்டுவிட்டு, பூங்காக்களுக்கென்றே நிரந்தரமாக வரி போடும் அதிகாரமுள்ள தனி அமைப்பு ஒன்றை உண்டாக்கலாமா? பெயர் சியாட்டில் பார்க் டிஸ்ட்ரிக்ட். வாரியம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் டாலர் மதிப்புக்கு 75 செண்ட் வரை போடச் சட்டம் இடம் தருகிறது. நகரத்தின் சொத்து வரிக்கு இருக்கும் உச்சவரம்புக்குள் இது வராது, வெளியே நிற்கும். அதனால் அந்த வரம்புக்குள் மற்றத் தேவைகளுக்கு இடமும் மிஞ்சும். தணிக்கைக்காரன் ரசிக்கத்தக்க சாமர்த்தியம்.

எதிர்த்தவர்கள் பூங்காவை வெறுத்தவர்கள் இல்லை. பழைய வரிகளுக்கெல்லாம் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டவர்களே பலர். அவர்கள் சொன்னது: நகர மன்ற உறுப்பினர்களேதான் வாரிய உறுப்பினர்கள்; தனித் தேர்தல் கிடையாது. இன்று ஒப்புக்கொண்டால் நாளை வரியைக் கூட்டும்போது எங்களிடம் கேட்க மாட்டார்கள். ஒருமுறை பிறந்துவிட்டால் நாங்களாக வாக்களித்துக் கலைக்கவும் வழியில்லை. பாதிக்குச் சற்று மேலான வாக்கில்தான் வாரியம் பிறந்தது. வாரி வழங்கிய வெற்றி அல்ல.

அவர்கள் பயந்ததில் பாதி பலித்தது. முதல் சுற்றில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4.8 கோடி டாலர் வசூல். 2022 செப்டம்பரில் இரண்டாம் சுற்றுக்கு, அதாவது 2023 முதல் 2028 வரை, ஆண்டுக்கு 11 கோடிக்கும் மேல் என்று வாரியம் தீர்மானித்தது. வாக்குச்சீட்டு வரவில்லை. பொது நிதியிலிருந்து பூங்காவுக்குத் தருவதை 8.9 கோடிக்குக் கீழே குறைக்க மாட்டோம், விலைவாசிக்கேற்ப அதைக் கூட்டிக்கொண்டும் போவோம், அதை மீற வேண்டுமானால் மன்றத்தில் நாலில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும் என்று தொடக்கத்தில் ஒப்பந்தம் எழுதிவைத்திருந்தார்கள். புது வரி வந்ததும் பழைய பணத்தை நைசாக வேறு பக்கம் தள்ளிவிடுவது எந்த நிதித்துறைக்கும் கைவந்த கலை. அதற்குப் போட்ட தாழ்ப்பாள் இது. நல்ல தாழ்ப்பாள்தான். சாவி அதே ஆட்களின் இடுப்பில் இருக்கிறது என்பதைத்தான் நூலகர் அம்மாள் விரல் வைத்துக் காட்டினார்.

ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் நான் வாரியத்தின் பக்கம்தான் சாய்கிறேன். கூடங்களின் நேரத்தைக் கூட்ட, கழிப்பறையைக் கூடுதல் முறை கழுவ, ரேஞ்சர்களை நியமிக்க, குப்பை எடுக்க. இவற்றில் எதையும் படம் வரைந்து வாக்குக் கேட்க முடியாது. கழுவிய கழிப்பறைக்குத் திறப்பு விழா கிடையாது.

கடற்கரைக்குப் போனபோது வேறொரு வழியைப் பார்த்தேன். கடலோரம் ஈரடுக்கு மேம்பாலச் சாலை ஒன்று ஊரையும் நீரையும் பிரித்து நின்றது. 2001 நிலநடுக்கத்தில் அது தளர்ந்தது. சுரங்கச் சாலை தோண்டிவிட்டு மேம்பாலத்தை 2019இல் மூடி இடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது நீளமான நடைவெளி. பைக் பிளேஸ் சந்தையிலிருந்து கடலுக்கு இறங்கும் அகலமான படிப்பாலத்தை 2024 அக்டோபரில் திறந்தார்கள். படியில் உட்கார்ந்தால் எதிரே படகுகள், பக்கத்தில் மீன் காட்சியகம், முதுகுக்குப் பின்னால் சந்தையின் மீன் வாடை. இதற்கான செலவில் 16 கோடி டாலரைச் சுற்றியுள்ள ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சொத்துக்காரர்களின் தலையில் போட்டார்கள். பூங்கா வந்தால் உன் கட்டடத்தின் விலை ஏறும், ஏறுவதில் ஒரு பங்கைக் கொடு என்ற கணக்கு. ஹோட்டல்காரர்களும் அடுக்குமாடிக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். ஏறப்போகும் விலையை யார் எப்படி முன்கூட்டி அளந்தீர்கள் என்பது அவர்கள் கேள்வி. எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. லாபம் பார்க்கிறவன் கொடுக்கிறான். ஆனால் விலை ஏறாத இடத்தில் இது செல்லாது. நகரத்தின் தெற்கு மூலையில் ஒரு திடலுக்கு இப்படி வசூலிக்க நினைத்தால் அடிக்கல்கூட வைக்க முடியாது.

பஸ் பிடித்து ஒரு நாள் டகோமா போய்வந்தேன். தெற்கே முப்பது மைல் அளவில் இருக்கிற துறைமுக ஊர். சியாட்டில் 2014இல் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் ஏற்பாட்டை இந்த ஊர் 1907இலேயே செய்துவிட்டது. அங்கே பூங்கா வாரியத்துக்கு ஐந்து ஆணையர்கள், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நூலகர் அம்மாளின் குறை அந்த ஊரில் இல்லை. பாயின்ட் டிஃபையன்ஸ் என்ற பூங்காவில் முதுமரக் காடும் மிருகக்காட்சிச்சாலையும் கடற்கரையும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. அதன் ஓரத்தில் பழைய செம்பு உருக்காலையின் கசடு கொட்டிய முனையைச் சுத்தம்செய்து 2019இல் பூங்காவாக்கி, இந்த ஊரில் வளர்ந்த எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் நாவலை நினைத்து ‘டியூன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் ரெட்மண்ட் பக்கம் மேரிமூர் பார்க்குக்குக் கூட்டிப்போனார். கிரிக்கெட். வண்டி நிறுத்த ஒரு டாலர். ஸ்வெட்டர் மேல் வெள்ளைச் சட்டை மாட்டிய எங்கள் பையன்கள் தூறலில் ஆடினார்கள். வேலியோரம் யாரோ ஃபிளாஸ்க்கில் ஏலக்காய் டீ கொண்டுவந்திருந்தார்கள். இது கவுன்டியின் பூங்கா, சியாட்டிலின் கணக்கில் வராது. 2002இல் கவுன்டிக்குப் பணமுடை வந்து பூங்காக்களையே மூடத் தொடங்கினார்கள். அப்போது கற்ற பாடம் 2003இலிருந்து தனிப் பூங்கா வரியும், இந்த மாதிரிச் சில்லறைக் கட்டணமும். ஆடியவர்களில் எத்தனை பேர் பச்சை அட்டை, எத்தனை பேர் விசா என்று கேட்டேன். பதினொன்றில் வாக்குரிமை உள்ளவர் இருவர். மைதானத்துக்கு வரி மட்டும் எல்லாரும் கட்டுகிறார்கள், வாடகை வழியாகவாவது.

கிளம்புவதற்குமுன் ரெய்னியர் பீச். ஊரின் தென்கோடி, ஆப்பிரிக்க அமெரிக்கர்கள், வியட்நாமியர்கள், சோமாலியர்கள் நிறைந்த பகுதி. இங்கே குபோடா தோட்டம் இருக்கிறது. ஃபுஜிதாரோ குபோடா என்ற ஜப்பானியத் தோட்டக்காரர் 1927இல் சதுப்பு நிலம் வாங்கிச் சுயமாகக் கற்று உண்டாக்கியது. உலகப்போரில் அவரைக் குடும்பத்தோடு ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் அடைத்துவைத்தார்கள். தோட்டம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. திரும்பி வந்து மறுபடி உண்டாக்கினார். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் கண்வைத்த நேரத்தில், 1987இல், நகரம் விலைக்கு வாங்கியது. சிவப்புப் பாலத்தையும் குளத்தையும் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். நான் கொஞ்ச நேரம் பார்த்தது, மண்டியிட்டுப் பாசியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த தொண்டர்களை. இந்தத் தோட்டத்துக்கு நண்பர்கள் குழு கிடைத்தது அதிர்ஷ்டம். ஓய்ந்த கையும் உபரிப் பணமும் உள்ள பேட்டைகளில் இப்படிக் குழு தானாக முளைக்கும். இரண்டு வேலை பார்க்கும் குடும்பங்கள் உள்ள பேட்டையில் சாதாரணத் திடலுக்கு யார் வந்து களை பிடுங்குவார்? அங்கேதான் சம்பளத் தோட்டக்காரர் வேண்டும். அந்தச் சம்பளம்தான் அந்த மூன்றாவது கணக்கு.

பக்கத்திலேயே 2013இல் புதிதாகக் கட்டிய சமுதாயக் கூடமும் நீச்சல் குளமும். உள்ளே போனதும் குளோரின் நெடி, பிள்ளைகளின் கூச்சல். முழுக்க மூடிய உடையில் பெண்கள் நீந்தப் பழகிக்கொண்டிருந்தார்கள். அக்கா மகள் தன் மகனை நீச்சல் வகுப்பில் சேர்க்க வந்திருந்தாள்.

வெளியே வந்து கார் ஏறும்போது சொன்னேன்: மூன்றாம் சுற்றுத் திட்டம் 2028க்குள் போடுவார்கள். அதற்குள் குடியுரிமை வாங்கினாலும் உனக்கு வாக்குச்சீட்டு வரப்போவதில்லை, ஏனென்றால் இதற்கு வாக்குச்சீட்டே இல்லை. ஆனால் வாரியம் பொது விசாரணை வைக்கும். அங்கே பேசக் குடியுரிமை கேட்பதில்லை. ஆளுக்கு இரண்டு நிமிஷம் தருவார்கள், வீட்டிலிருந்தே போனிலும் பேசலாம். இந்த விஷயத்தில் பழைய முறையைவிடப் புது முறையில்தான் உனக்குக் குரல் உண்டு.

“ரெண்டு நிமிஷத்துல என்ன மாமா சொல்றது?”

“உனக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லு.”

குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்து வெடிக்கும் என்று பல பூங்காக்களில் கழிப்பறையைப் பூட்டிவிடுவது இங்கே வழக்கம். சிறு பிள்ளையோடு மைதானத்துக்குப் போகிறவளுக்கு வேறென்ன தோன்றும்?

“நவம்பர்ல டாய்லெட்டைப் பூட்டாதீங்கன்னு சொல்லுவேன். அதுக்குப் பத்து செகண்ட் போதும்.”

“மிச்ச நேரத்துல குழாய்க்கு உறை போட எவ்வளவு ஆகும்னு கேளு. பதிலை எழுத்துல கேளு.”

“தணிக்கைக்காரர்கிட்ட போய்க் கேட்டேன் பாருங்க” என்று வண்டியைக் கிளப்பினாள்.